பிளந்த மரமும் கட்டின மரமும்

பனியே விழாத ஊர்ல உட்கார்ந்துகிட்டு பனிச்சறுக்குப் பலகையைப் பத்தி எழுதலாமா? எழுதலாம்னுதான் நினைக்கிறேன் :-)

எங்க குயிலாப்பாளையத்துல இருக்கறது செம்மண்ணும் முந்திரித்தோப்பும். கிழக்கே சரிவுல இறங்கினா ஈ.சி.ஆர். ரோடு, அதைத் தாண்டினா பொம்மையார்பாளையம், அப்புறம் கடல். வடக்கே போனா மரக்காணம் உப்பளம். அங்கே வெள்ளையா குவிஞ்சு கிடக்கறதைப் பார்த்து இதுதான் பனின்னு மனசைத் தேத்திக்க வேண்டியதுதான்.

வெளிநாட்டுல வீட்டுக் கொட்டகையிலேயே தனக்கான ஸ்கீ பலகையைச் செஞ்சுக்கற ஆட்கள் நிறைய இருக்காங்க. கடையில நல்ல பலகையே கிடைக்கும்போது ஏன் இந்த வேலைன்னு தோணும். காரணம் எளிமையானது. பனியில வழுக்குற பலகையோ அலையில வழுக்குற பலகையோ, அதை ஓட்டறவனோட எடைக்கும் அவன் ஊர்ச் சரிவுக்கும் பொருந்தி வரணும். ஒரு விரல்கடை அகலம் மாறினாலும் போற போக்கே மாறும். அந்த மாற்றத்தை முதல்ல உணர்றது ஓட்டறவன் கால்தான். அதனால செய்யறவனும் ஓட்டறவனும் ஒரே ஆளா இருந்த காலத்துலதான் பெரிய மாற்றங்கள் நடந்திருக்கு.

இதுக்கும் நம்ம கடற்கரைக்கும் என்ன சம்பந்தம்? இருக்கு. பேர்ல இருந்தே ஆரம்பிக்கலாம்.

பிளந்த மரம்

'ஸ்கீ'ங்கற சொல் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. அதுக்கு அர்த்தம் பிளந்த மரத்துண்டு, அவ்வளவுதான். விறகு பிளக்கற மாதிரி மரத்தை நீளவாக்குல பிளந்து, முனையை மேல வளைச்சு, கால்ல கட்டிக்கிட்டாங்க. வடக்கு ரஷ்யாவில விஸ் என்ற இடத்துல சதுப்பு நிலத்துக்குள்ள இருந்து கிடைச்ச ஸ்கீ துண்டுகளுக்கு ஏறக்குறைய 8000 வயசு. அப்ப அது விளையாட்டு இல்லீங்க. பனிக்காலத்துல வேட்டைக்குப் போகவும், பக்கத்து ஊருக்கு நடக்கவும் அதுதான் வண்டி.

அதை இன்னிக்குப் பார்க்கற வடிவத்துக்குக் கொண்டு வந்ததுல முக்கியமான ஆள் சோண்ட்ரே நோர்ஹைம். நார்வேயில டெலிமார்க் பகுதி, மோர்கேடால்ங்கற ஊர். 1825-ல பிறந்தவர், சொந்த நிலம் இல்லாத ஏழைக் குடியானவர். அவர் செஞ்சது ரெண்டு காரியம். ஒண்ணு, பலகையோட நடுப்பகுதியை இடுப்பு மாதிரி ஒடுக்கினார். அதனால பலகையைச் சாய்ச்சா அது தானாவே வளைஞ்சு திரும்பும். இன்னொண்ணு, முறுக்கின இளங்கொம்பை வச்சு குதிகாலைச் சுத்திக் கட்டற ஒரு கட்டு. அதுக்கு முன்னாடி கால்விரல் பக்கம் மட்டும்தான் கட்டு இருக்கும். எகிறிக் குதிச்சா பலகை கழண்டு போயிடும். 1868-ல இன்னிக்கு ஆஸ்லோன்னு சொல்ற தலைநகருக்கு வந்து, 42 வயசுல, இளவட்டங்களை எல்லாம் போட்டியில தோற்கடிச்சார். 1884-ல அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, 1897-ல வடக்கு டகோட்டா சமவெளியில காலமானார். தொழிற்சாலை கிடையாது, பொறியியல் படிப்பு கிடையாது. கத்தி, மரம், வீட்டுக்குப் பின்னால ஒரு சரிவு. அவ்வளவுதான் அவர்கிட்ட இருந்தது.

இதே மாதிரி இன்னொரு வீட்டு வேலை, நூறு வருஷம் கழிச்சு. 1965 கிறிஸ்துமஸ் அன்னிக்கு அமெரிக்காவில மிச்சிகன் மாநிலத்துல மஸ்கீகன் ஊர்ல ஷெர்மன் பாப்பன்ங்கறவர், தன் பெண் குழந்தைகள் விளையாட, ரெண்டு ஸ்கீயைப் பக்கத்துல பக்கத்துல வச்சு, குறுக்கே கட்டை போட்டு இணைச்சுக் கொடுத்தார். குழந்தைகள் அதுமேல நின்னுகிட்டே மேட்டுல இருந்து சறுக்கினாங்க. அவர் மனைவி அதுக்கு 'ஸ்னர்ஃபர்'னு பேர் வச்சாங்க. ஸ்னோவும் சர்ஃபும் சேர்ந்த பேர். இன்னிக்கு ஒலிம்பிக்ல இருக்கற ஸ்னோபோர்டுக்கு அதுதான் பெரியம்மா.

ரெண்டு மரத்தைப் பக்கத்துல வச்சு, குறுக்கே கட்டை போட்டு இணைக்கறது... இதை நாம எங்கேயோ பார்த்திருக்கோம் இல்லீங்களா?

கட்டின மரம்

கட்டு, மரம். இதுக்கு அகராதியே தேவையில்லை. அங்கே பிளந்த மரம், இங்கே கட்டின மரம்.

கட்டுமரத்தைப் பார்த்தவங்க பல பேர், 'நாலு கட்டையைக் கயித்தால கட்டியிருக்காங்க, பாவம்'னு நினைச்சிருக்காங்க. கிட்டப் போய்ப் பார்த்தாத்தான் அதுக்குள்ள எவ்வளவு யோசனை இருக்குன்னு தெரியும்.

முதல்ல மரம். லேசா, மிருதுவா இருக்கணும். பழைய நாள்ல இதுக்குப் பேர் போனது தணக்கு மரம். குறிஞ்சிப்பாட்டுல கபிலர் அடுக்கிச் சொல்ற பூக்கள்ல தணக்கமும் ஒண்ணு. கல்யாண முருங்கையும் உபயோகமாச்சு. பிற்காலத்துல அல்பீசியா மரம், பெரும்பாலும் கேரளாவிலிருந்து லாரியில வந்தது.

அடுத்தது செதுக்கறது. கட்டைகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்காது. நடுவுல இருக்கறது நீளமா, ஓரத்துல இருக்கறது கொஞ்சம் குட்டையா, ஒண்ணோடொண்ணு விளிம்பு படியற மாதிரி செதுக்கணும். முன்பக்கம் கூம்பி மேல எழும்பணும். இல்லேன்னா அலைக்குள்ள மூக்கைக் கொடுத்துக் குத்திடும். சேர்த்துப் பார்த்தா தட்டையான தெப்பமா இருக்காது, நடுவுல லேசான பள்ளம் இருக்கும். ஒருத்தர் போற சின்னதுன்னா மூணு மரம் போதும். கோலா மீன் சீசனுக்கு அதிக மரம் சேர்த்துப் பெருசா கட்டுவாங்க; அதுக்குக் கோலாமரம்னே பேர்.

மூணாவது கட்டு. முன்னால ஒரு இடம், பின்னால ஒரு இடம், குறுக்குக்கட்டை வச்சுக் கயித்தால இறுக்கறது. ஆணி கிடையாது. ஏன் ஆணி இல்லைன்னா, ஆணி இறுக்கமா நிக்கும், அலை அடிச்சா மரம் பிளக்கும். கயிறு கொடுத்துக் கொடுத்து வாங்கும். 1947-ல தோர் ஹேயர்டால் 'கோன்-டிக்கி' தெப்பத்துல பசிபிக் கடலை 101 நாள்ல கடந்தப்ப, கயிறு உராய்ஞ்சு ரெண்டு வாரத்துல அறுந்துடும்னு பயமுறுத்தினவங்க உண்டு. ஆனா பால்சா மரம் மிருதுவானதால கயிறு மரத்துக்குள்ள பதிஞ்சு பத்திரமா இருந்துச்சு. மிருதுவான மரமும் கயித்துக்கட்டும் ஏன் ஜோடி சேருதுங்கறதுக்கு இது நல்ல விளக்கம்.

நாலாவது, எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். படகுல ஓட்டை விழுந்தா முழுகிடும். கட்டுமரத்துல இடைவெளிதான் பாதுகாப்பே. மேல விழற அலை கட்டைகளுக்கு நடுவுல வழிஞ்சு போயிடும். தண்ணி இறைக்கற வேலையே கிடையாது. கவிழ்ந்தாலும் நிமித்திக்கலாம். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, ஒவ்வொரு மரமா தோள்ல தூக்கிட்டுப் போய் மணல்ல காயப் போடுவாங்க. காஞ்சாத்தான் மறுபடி லேசாகும். துறைமுகமே இல்லாத, அலை உடைஞ்சுக்கிட்டே இருக்கற சோழமண்டலக் கரைக்கு இதைவிடப் பொருத்தமான ஒரு சாதனம் கஷ்டம்.

ஊருக்கு ஊர் வடிவம் மாறும். ஆந்திரக் கரையில ஒரு மாதிரி, நம்ம பக்கம் ஒரு மாதிரி, கன்னியாகுமரிப் பக்கம் வேற மாதிரி. சென்னை மாகாணத்து மீன்துறை இயக்குநரா இருந்த ஜேம்ஸ் ஹார்னல் இதையெல்லாம் கரை கரையாப் போய்ப் பார்த்து வகை பிரிச்சு எழுதி வச்சார். 1946-ல வந்த அவரோட நீர்ப் போக்குவரத்து பற்றிய புத்தகம் இன்னிக்கும் இந்தத் துறையில முக்கியமானது. நோர்ஹைம் தன் ஊர்ச் சரிவுக்குத் தகுந்த மாதிரி பலகையை ஒடுக்கினார். நம்ம ஆட்கள் தன் ஊர் அலைக்குத் தகுந்த மாதிரி மரத்தைச் செதுக்கினாங்க. நோர்ஹைமுக்கு நார்வேயில சிலை இருக்கு. நம்ம பக்கத்துல செதுக்கினவங்க பேர்கூட நமக்குத் தெரியாது.

1900 வருஷத்துக்கு முன்னால, இதே கரையில

கி.பி. முதல் நூற்றாண்டுல ஒரு கிரேக்க வணிகர் எழுதின 'செங்கடல் வழிக் கையேடு' (பெரிப்ளுஸ்) தெரிஞ்சிருக்கும். அதுல சோழமண்டலக் கரையோரம் தெற்கிருந்து வடக்கா மூணு துறைமுகம் வரிசையா சொல்லியிருக்கு: கமரா, பொதுகே, சோபட்மா. கமரா காவிரிப்பூம்பட்டினம்னும், பொதுகே புதுச்சேரி அரிக்கமேடுன்னும், சோபட்மா நம்ம மரக்காணம்னும் பல ஆய்வாளர்கள் அடையாளம் சொல்றாங்க. அந்த இடத்துலயே, தனித்தனி மரங்களை ஒண்ணாப் பிணைச்சுச் செய்யற 'சங்கரா'ங்கற பெரிய கலங்கள் இங்கே இருந்ததாவும் எழுதியிருக்கு. மலையாளத்துல மிதவைக்குச் 'சங்ஙாடம்'னு சொல்றது இதுக்கு உறவா இருக்கலாம்ங்கறது ஒரு கருத்து.

இது மூணுமரக் கட்டுமரம் இல்லைதான். அதைவிடப் பெருசு. ஆனா மரத்தோட மரத்தைப் பிணைக்கற உத்தி அதே. ரோமாபுரி ஒயின் ஜாடி அரிக்கமேட்டுல இறங்கின காலத்துலயே இந்தக் கரைக்கு அந்த உத்தி கைவந்திருக்கு.

அப்புறம் 1583-ல கஸ்பரோ பால்பிங்கற வெனிஸ் நகர வியாபாரி சாந்தோமுக்கு வந்தார். ஏழு உருட்டுக் கட்டைகளைச் சேர்த்துக் கட்டின கலத்தைப் பார்த்து, நடுக்கட்டை மட்டும் நீளமா முன்னால நீண்டு தண்ணியைக் கிழிக்குதுன்னு கவனிச்சு எழுதியிருக்கார். அவர் காதுல 'கட்டுமரம்' விழுந்தது 'கதமெரோனி'ங்கற மாதிரி :-) 1697-ல வில்லியம் டாம்பியர் எழுதின பயணநூல் வழியா சொல் இங்கிலீஷுக்கும் போயிடுச்சு.

சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலத்துல கப்பலெல்லாம் அலைக்கு வெளியே நங்கூரம் போட்டு நிக்கும். ஆளையும் சரக்கையும் கொண்டு போறது கயித்தால தைச்ச மசூலா படகு. கடிதம் கொண்டு போறது கட்டுமரக்காரர். தண்ணி புகாத கூம்புத் தொப்பிக்குள்ள கடிதத்தை வச்சு, அலைக்குள்ள பாய்ஞ்சு போவார். மசூலா படகு இறங்க முடியாத நாள்லகூட கட்டுமரம் இறங்கும். 1875 டிசம்பர்ல சென்னைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினாங்க. அது முடிஞ்சு கப்பல் கரையணைய ஆரம்பிச்சதும் அந்தத் தபால் வேலை போச்சு.

பேர் மட்டும் கப்பலேறிப் போனது

சொல் எங்கெங்கே போச்சுன்னு பார்த்தா சிரிப்பா இருக்கும். 1804-ல பிரிட்டிஷ்காரங்க பிரெஞ்சுக் கப்பல்களைத் தகர்க்க மிதக்கவிட்ட வெடிப்பெட்டிக்குக்கூட 'கட்டமரான்'னு பேர் வச்சாங்க.

1876-ல நத்தானியல் ஹெரஷாஃப்ங்கற அமெரிக்கர் ரெண்டு ஒல்லிப் படகுகளை இணைச்சு 'அமரில்லிஸ்'னு ஒண்ணு செஞ்சார். நியூயார்க் பந்தயத்துல மத்த படகுகளை ரொம்பப் பின்னால விட்டுடுச்சு. ஜெயிச்சதுக்குப் பரிசு? இந்த வகைப் படகே போட்டிக்கு வரக்கூடாதுன்னு தடை! அதுக்கப்புறம் கட்டமரான்னா ரெண்டு உடல் கொண்ட படகுன்னு ஆகிப்போச்சு. உண்மையில அந்த இரட்டைப் படகோட பூர்வீகம் பசிபிக் தீவுகள். உடம்பு அங்கிருந்து, பேர் நம்மகிட்டயிருந்து.

இங்கேதான் வீட்டுப் பட்டறை மறுபடி வருது. 1950-ல கலிபோர்னியாவில ஹோபி ஆல்ட்டர்ங்கற பையன் தன் அப்பாவோட கார் ஷெட்டுல பால்சா மரத்துல அலைச்சறுக்குப் பலகை செய்ய ஆரம்பிச்சான். நண்பர்கள் கேட்டாங்க, அப்புறம் ஊரே கேட்டுச்சு. பால்சா கிடைக்கறது கஷ்டமானதும், 1958 வாக்குல கோர்டன் கிளார்க்கோட சேர்ந்து நுரைப் பலகைக்கு மாறினார். நடுவுல லேசான நுரை, மேல கண்ணாடி இழைத் துணி, பிசின். 1960களின் கடைசியில அதே கைப்பழக்கத்தோட கரையில இருந்து அலைக்குள்ள தள்ளிவிடக் கூடிய ஒரு சின்ன கட்டமரானைச் செஞ்சார். அதான் உலகம் பூரா ஓடற 'ஹோபி கேட்'.

இன்னிக்கு வீட்டுல ஸ்கீ செய்யறவங்களும் இதே வழிதான். நடுவுல லேசான மரப்பட்டைகள், மேலயும் கீழயும் கண்ணாடி இழை, எபாக்சி பிசின், அச்சுல வச்சு அழுத்தம். உள்ளே லேசு, வெளியே உறுதி. இந்த ஒரு வரியை மனசுல வச்சுக்குங்க, கடைசியில தேவைப்படும்.

கரையை விட்டு மரம் ஏன் போச்சு?

நம்ம கரையில இன்னிக்கு வரிசையா நிக்கறது ஃபைபர் படகு. மரக் கட்டுமரம் ரொம்பக் குறைஞ்சு போச்சு. காரணம் ஒண்ணு இல்ல, பல.

மரம் கிடைக்கலை, கிடைச்சதும் விலை ஏறிச்சு. மீன் கரையை விட்டுத் தூரமாப் போச்சு, மோட்டார் தேவைப்பட்டுச்சு. இதை முன்கூட்டியே உணர்ந்தவங்க இருந்தாங்க. ஐ.நா. உணவு வேளாண் அமைப்போட வங்காள விரிகுடாத் திட்டம் 1979-ல சென்னையில அலுவலகம் போட்டு, மணல்ல ஏறக்கூடிய புதுப் படகுகளைச் சோதிச்சுப் பார்த்தது. கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்துல பெல்ஜியப் பொறியாளர் பியேர் ஜிலே, உள்ளூர்ப் பையன்களுக்கே ஒட்டுப்பலகையில படகு கட்டக் கத்துக் கொடுத்தார். அவர் 1985-ல எழுதின புத்தகத்தோட தலைப்பே, சின்னது கஷ்டம்ங்கற அர்த்தத்துல இருக்கும். சின்னதே அழகுன்னு அப்ப எல்லாரும் பேசிக்கிட்டிருந்ததுக்கு ஒரு குட்டு.

அப்புறம் 2004 டிசம்பர் 26. சுனாமி கரையில இருந்த மரத்தையெல்லாம் அடிச்சுக்கிட்டுப் போச்சு. நிவாரணமா வந்ததுல பெரும்பங்கு ஃபைபர் படகு. நல்ல மனசோடதான் கொடுத்தாங்க. ஆனா சில வருஷத்துல மெதுவா நடந்திருக்க வேண்டிய மாற்றம் சில மாசத்துல நடந்து முடிஞ்சுது.

நம்ம பகுதிக்கு இன்னொரு காரணமும் உண்டு: மணல். சோழமண்டலக் கரையில வருஷக் கணக்குப் பார்த்தா மணல் தெற்கிருந்து வடக்கா நகரும். 1980களின் கடைசியில புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள்ள கல்சுவர் நீட்டினதும் மணல் அங்கேயே நின்னு போச்சு. வடக்கே இருக்கற கரைக்கு வரவேண்டிய பங்கு வரலை. புதுச்சேரி நகரக் கடற்கரை கல்குவியலாச்சு, கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம்னு அரிப்பு வரிசையா மேல ஏறிச்சு. கல் கொட்டித் தடுத்தா, அரிப்பு அடுத்த குப்பத்துக்கு நகருது. கட்டுமரத்துக்குத் துறைமுகம் வேண்டாம், ஆனா மணல் கண்டிப்பா வேணும். இறங்க, ஏற, அவிழ்க்க, காயப்போட எல்லாத்துக்கும் மணல்தான் பட்டறை. மணல் போனா பட்டறையே போச்சு.

ஃபைபர் தப்புன்னு நான் சொல்ல வரலை. அதிக தூரம் போகலாம், அதிகம் பிடிக்கலாம், ஈரமாவே பன்னெண்டு மணி நேரம் உட்கார வேண்டாம். கட்டுமரத்துல போய்ப் பார்க்காதவன் அதோட அழகைப் பத்திப் பேசறது சுலபம். ஆனா ஒரு கணக்கு மாறிப்போச்சு. முன்னே ஒரு மரம் உளுத்தா அந்த ஒரு மரத்தை மட்டும் மாத்தலாம். ஓடற விதம் பிடிக்கலேன்னா உளி எடுத்துச் செதுக்கலாம். இப்ப படகோட வடிவம் எங்கேயோ ஒரு பட்டறை அச்சுல முடிவாகுது. படகுக்கும் இன்ஜினுக்கும் கடன், எண்ணெய்க்கு முன்பணம், முன்பணம் கொடுத்தவருக்கே மீன். தான் ஏறுற கலத்தைத் தானே மாத்திக்கற உரிமை கைவிட்டுப் போனதுதான் பெரிய நஷ்டம்னு எனக்குத் தோணுது.

ஆனா கதை முடியலை

இப்ப அந்த ஒரு வரிக்கு வருவோம். தமிழ்நாட்டுக் கரையில பல ஊர்ல இன்னிக்குக் கட்டுமரம் வடிவத்துலயே ஃபைபர் கட்டுமரம் ஓடுது. உள்ளே நுரை, மேல கண்ணாடி இழை. சில இடத்துல தெர்மாகோல் கட்டிகளைச் சேர்த்துக் கட்டி மிதவை ஆக்கிக்கிட்டுப் போறாங்க. உள்ளே லேசு, வெளியே உறுதி. ஹோபி ஆல்ட்டர் கார் ஷெட்டுல கண்டுபிடிச்ச அதே பாடம். தணக்கு மரத்துக்குப் பதிலா தெர்மாகோல், அவ்வளவுதான் வித்தியாசம். (உடைஞ்ச தெர்மாகோல் கடல்ல கலக்கறது தனிப் பிரச்னை, அதையும் மறுக்கலை.)

தந்திராயன்குப்பம் பக்கம் அரிப்பைத் தடுக்கக் கொட்டின கல்தடுப்பு ஓரமா அலை நல்லா உடையுதுன்னு அலைச்சறுக்குக்காரங்க வர்றாங்க. நம்ம குப்பத்துப் பசங்களும் பலகை மேல ஏறி நிக்கறாங்க. அலை எப்ப எழும்பும், எந்த இடத்துல உடையும்னு அவங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பலகை மட்டும் வெளியூர்லயிருந்து வருது. அதையும் ஒருநாள் அவங்களே செதுக்க ஆரம்பிச்சா, 1900 வருஷப் பழக்கம் வேற பேர்ல தொடருதுன்னு அர்த்தம்.

அதுக்கு முன்னால செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு. கட்டத் தெரிஞ்ச கடைசித் தலைமுறை இன்னும் கரையில உட்கார்ந்து வலை பின்னிக்கிட்டிருக்கு. எந்த மரத்தை எந்த இடத்துல வைக்கணும், முன்கட்டு எத்தனை சுத்து, அந்த முடிச்சுக்கு என்ன பேர், எல்லாம் அவங்க கையிலயும் வாயிலயும்தான் இருக்கு. உங்க ஊர் கடற்கரையில பெரியவங்க யாராவது இருந்தா கேட்டு எழுதி வையுங்க. நோர்வேக்காரன் தன் பிளந்த மரத்துக்கு அருங்காட்சியகம் கட்டி வச்சிருக்கான். நம்ம கட்டின மரத்துக்குக் குறைஞ்சபட்சம் அந்த முடிச்சோட பேராவது மிஞ்சட்டும்.